வேலாயுதம் அண்ணன் சொன்னது, நான் எழுதினது

போன மாசம் ஹட்டன்ல கராஜ் வச்சிருக்கிற ரெண்டு பேரு ஒரு காரை ஓட்டிக்கிட்டு என் வீட்டு வாசலுக்கே வந்துட்டாங்க. பிரேக் பெடல் கீழ போகுதாம். மாஸ்டர் சிலிண்டரை மாத்தியாச்சாம், நாலு சக்கரத்துக்கும் ரப்பர் போட்டாச்சாம், மூணு தடவை ஏர் எடுத்தாச்சாம், அப்பவும் போகுதாம். நீங்க ஒரு தடவை மிதிச்சுப் பாருங்க மாமான்னு நின்னாங்க. நான் மிதிக்கலை. வண்டியை ஓட்டுறவரு என்ன சொன்னாருன்னு கேட்டேன். ஒருத்தன் மூஞ்சியை ஒருத்தன் பார்த்துக்கிட்டானுங்க. டிரைவர் என்னத்த மாமா சொல்றது, அவருக்கு என்ன தெரியும், நாங்கதான் பார்த்துட்டோமேன்னான் மூத்தவன்.

எனக்கு வந்துச்சே கோவம். முதல்ல போய் அவருகிட்ட கேட்டுட்டு வாங்கடான்னு வந்த வழியே திருப்பி அனுப்பிட்டேன். கெழவனுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சுன்னு பேசிக்கிட்டே போயிருப்பானுங்க. பேசட்டும். அந்தக் கோவத்துல பாதி எனக்கே சேர வேண்டியது. அவனுங்க சொன்ன அதே வார்த்தையை நானும் ஒரு காலத்துல மனசுக்குள்ள சொன்னவன். அதனால ஒரு மனுஷன் வீடு வாசலை விட்டுப் போக இருந்தாரு. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கேன்.

நான் பிறந்தது வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, கூலிக்காரங்க வரிசை வீட்டுல. பதினாறு வயசுல தோட்டத்து ஃபேக்டரியில மெஷினுக்கு கிரீஸ் வைக்கிற வேலைக்குப் போனேன். அங்கதான் ஸ்பேனர் பிடிக்கக் கத்துக்கிட்டது. ஐம்பத்தொண்ணுல தலவாக்கலைக்கு வந்து ஹமீது நானாவோட கராஜ்ல சேர்ந்தேன். முதல் நாலு வருஷம் டயர், பெயிண்ட், எஞ்சின் கழுவுறதுன்னு எல்லா எடுபிடியும் பார்த்தேன். அப்புறம் மெல்ல மெல்ல பிரேக் வேலை என் பக்கம் ஒதுங்குச்சு. சக்கரத்துக்கு அடியில படுத்துக் கிடக்க மத்தவங்களுக்குப் பிடிக்கலை, எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அவ்வளவுதான் காரணம்.

நானாவைப் பத்திச் சொல்லணும். வெள்ளை பெனியன், கட்டம் போட்ட சாரம், தலையில தொப்பி. சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்லை. அவருகிட்ட ஒரு பழக்கம் இருந்துச்சு, அது எங்க எல்லாருக்கும் தலைவலி. கராஜ் மேசை மேல ஒரு பெரிய கொப்பி. ஒவ்வொரு பக்கத்துலயும் நடுவுல நெடுக்க ஒரு கோடு. இடப்பக்கம் வண்டிக்காரர் சொன்னது, வலப்பக்கம் நாம பார்த்தது, செஞ்சது. இடப்பக்கம் எழுதி முடிக்கிற வரைக்கும் பானெட்டைத் தொடக் கூடாது. வண்டிக்காரர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதணும், எழுதினதைத் திருப்பி வாசிச்சுக் காட்டணும், இதுதானே சொன்னீங்கன்னு கேக்கணும். ஒரு தடவை, ஏத்தத்துல வண்டி மூச்சு வாங்குதுன்னு ஒரு லொறிக்காரர் சொன்னதை நான் கிளட்ச் பிளேட் தேய்வுன்னு எழுதிட்டேன். நானா அதைக் குறுக்க அடிச்சாரு. மூச்சு வாங்குதுன்னு எழுத வச்சாரு. கடைசியில பார்த்தா கிளட்ச்ல ஒண்ணுமே இல்லை, பெட்ரோல் குழாய்ல அடைப்பு. அப்பவும் எனக்குப் புத்தி வரலை. இந்த மனுஷனுக்கு வேற வேலை இல்லைன்னுதான் நினைச்சேன்.

பெடல் கீழ போகுதுன்னு எல்லாரும் ஒரே வார்த்தையில முடிச்சுடுறாங்க. அதுல பல விதம் இருக்கு. மிதிச்சா பஞ்சு மாதிரி அமுங்கி, ரெண்டு மூணு தடவை குத்திக் குத்தி மிதிச்சதும் மேல வருதுன்னா குழாய்ல காத்து நிக்குது. கீழயும் போகுது, மேல டப்பாவுல எண்ணெயும் குறையுதுன்னா எங்கயோ ஒழுகுது. ஒவ்வொரு சக்கரத்துக்குப் பின்னாடியும் விரலை விட்டுத் தடவுனா ஈரம் காட்டிக் கொடுத்துடும். எண்ணெய் சொட்டுக் குறையலை, எங்கயும் ஈரமில்லை, ஆனா காலை வச்சுக்கிட்டே இருந்தா கொஞ்சம் கொஞ்சமா இறங்குதுன்னா, மாஸ்டர் சிலிண்டருக்குள்ள இருக்கிற ரப்பர் கப் தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். எண்ணெய் வெளிய போகாம உள்ளுக்குள்ளயே பின்னால நழுவுது.

இந்த மூணாவதுதான் ஆளை ஏமாத்தும். ஓங்கி மிதிச்சா கப் விரிஞ்சு அடைச்சுக்கும், பெடல் கல்லு மாதிரி நிக்கும். மெதுவா மிதிச்சாத்தான் மாட்டும். நான் செருப்பைக் கழட்டிட்டு வெறுங்காலை வைப்பேன். தூங்குற பிள்ளையை எழுப்பிடாத அளவுக்கு அழுத்தம், அதுக்கு மேல இல்லை. அப்படியே வச்சுக்கிட்டு நூறு எண்ணுவேன். எண்ணி முடிக்கிறதுக்குள்ள கால் இறங்கினா கப் போச்சு.

அப்படித்தான் எங்க பக்கத்து டிஸ்பென்சர் ஐயாவோட காரைப் பிடிச்சேன். தோட்டத்து மருந்துக்காரர், நல்ல மனுஷன். வட்டகொடை ரயில்வே கேட்டுக்கிட்ட சரிவுல நிக்கும்போது மட்டும் வண்டி என்னைக் கேக்காம முன்னால போகுதுன்னாரு. ரெண்டு கராஜ்ல சிரிச்சு அனுப்பிட்டாங்களாம். அந்த வார்த்தையை நானா என்னை எழுத வச்சாரு. கேட்ல நிக்கும்போதுதானே மனுஷன் காலை லேசா வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருப்பான். வெறுங்காலை வச்சேன், நாப்பது எண்ணுறதுக்குள்ள இறங்கிடுச்சு. சிலிண்டரைக் கழட்டி, ஸ்பிரிட்ல கழுவி, புதுக் கப் போட்டேன். பெட்ரோல்ல கழுவக் கூடாது, ரப்பர் ஊதிடும். அப்புறம் தூரத்துச் சக்கரத்துல ஆரம்பிச்சு ஏர் எடுத்தேன். மேல ஒருத்தர் மிதிப்பாரு, நான் கீழ படுத்துக்கிட்டுக் கண்ணாடிப் போத்தலுக்குள்ள ரப்பர் குழாயை விட்டுப் பார்ப்பேன். மிதி, பிடி, விடு. போத்தல்ல காத்துக் குமிழி வர்றது நிக்கிற வரைக்கும் இதே பாட்டுதான்.

அந்த வேலையோட என் பேரு தோட்டம் தோட்டமாப் பரவிடுச்சு. பிரேக் பாஸ்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. தலைக்கனம் ஏறாம இருக்குமா? ஏறுச்சு. நல்லாவே ஏறுச்சு.

அறுபத்திரண்டு, மூணு இருக்கும். வெளிநாட்டுச் சாமான் வர்றது சுருங்கிப் போன காலம். டயருக்குக் கஷ்டம், பேரிங்குக்குக் கஷ்டம், பிரேக் எண்ணெய் டின் கண்ணுல படுறதே இல்லை. நானா ஒரு வழி வச்சிருந்தாரு. வெளக்கெண்ணெய் பாதி, ஸ்பிரிட் பாதி, போத்தல்ல ஊத்தி நல்லாக் குலுக்கி வைக்கிறது. மேல டப்பாவுல குறையுறதுக்கு ஒரு மூடி ஊத்திக்கலாம், அதோட சரி, அந்த மருந்து சக்கரம் வரைக்கும் போகக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லியிருந்தாரு. ஏன்னு அவரு சொல்லலை, நானும் கேக்கலை.

அந்த வருஷம் தைப் பனி பொல்லாத பனி. நுவரெலியாவுல புல்லு வெள்ளையாக் கிடந்துச்சு. ஒரு நாள் காலையில வேலாயுதம் அண்ணன் துரையோட காரைக் கொண்டாந்து நிறுத்தினாரு. வட்டகொடைக்கு மேல ஒரு பெரிய தோட்டம், அங்க மேனேஜர் துரைக்குக் கார் ஓட்டுறவரு. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். அதிகம் பேச மாட்டாரு, பேசினா அளந்துதான் பேசுவாரு. காலையில பெடல் எந்திரிக்க மாட்டேங்குது தம்பி, காலை அடியில விட்டுத் தூக்கி விட வேண்டியிருக்குன்னாரு. எழுதினேன்.

விஷயம் எனக்கு உடனே புரிஞ்சிடுச்சு. மாசக்கணக்கா மூடி மூடியா ஊத்தினதுல ஸ்பிரிட் ஆவியாப் போயிருக்கு, வெளக்கெண்ணெய் மட்டும் தங்கி, பனிக்கு இறுகிப் போயிருக்கு. துரை வண்டி, நாமதான் பிரேக் பாஸ். நானா தொழுகைக்குப் போயிருந்த நேரம். இருந்த எண்ணெய் பூரா வடிச்சேன். ரெண்டு பங்கு ஸ்பிரிட், ஒரு பங்கு வெளக்கெண்ணெய்னு தண்ணி மாதிரிக் கலந்து, நாலு சக்கரத்துக்கும் போற மாதிரி ஊத்தி, ஏர் எடுத்து முடிச்சேன். வலப்பக்கம் 'பிரேக் எண்ணெய் மாற்றப்பட்டது'ன்னு எழுதினேன். எதை ஊத்தினேன்னு எழுதலை. எழுதினா நானா பார்ப்பாருல்ல.

மூணு நாள் கழிச்சு அண்ணன் அந்தப் பக்கம் வந்தப்போ, பெடல் வெண்ணெய் மாதிரி இருக்கு தம்பின்னு சொல்லிட்டுப் போனாரு. எனக்குத் தலைகால் புரியலை.

மூணு வாரம் போச்சு. எங்கயாவது பிரேக் எண்ணெய் டின் கிடைக்குமான்னு தேடி நானா கொழும்புக்கு ரயில் ஏறினாரு. அவரு போன மறுநாள், துரையும் துரைசானியும் நுவரெலியாவுல இருந்து பகல்ல திரும்பி வர்றப்போ, நானுஓயா தாண்டி ரதல்ல இறக்கத்துல கார் மண்திட்டுல மோதிடுச்சு. துரைசானிக்கு மணிக்கட்டு முறிஞ்சு போச்சு. துரைக்கு நெத்தியில காயம். அண்ணனுக்கு ஒண்ணும் ஆகலை. டிரைவர் கண்ணசந்துட்டான்னு துரை முடிவு கட்டிட்டாரு.

மறுநாள் தோட்டத்து லொறியில கட்டி இழுத்துக்கிட்டுக் காரைக் கொண்டாந்தாங்க. மட்கார்ட் நசுங்கிக் கிடந்துச்சு. துரை ஒரு கடுதாசி கொடுத்து விட்டிருந்தாரு. பிரேக்கைப் பார்த்து, பழுது உண்டா இல்லையான்னு எழுதி அதே லொறியில பதில் அனுப்பணும், கார் மட்கார்ட் வேலைக்குக் கராஜ்லயே நிக்கட்டும்னு. கூடவே வேலாயுதம் அண்ணனும் வந்திருந்தாரு. காக்கித் தொப்பியைக் கையில பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

"தம்பி, கடைசி வளைவுக்கு முன்னால பெடல் பலகை வரைக்கும் போச்சு. குத்திக் குத்தி மிதிச்சேன், வரலை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், பத்தலை. மண்ணுல விட்டேன். அப்புறம் வந்து மிதிச்சுப் பார்த்தா திரும்பி வந்திருக்கு."

இதை அப்படியே இடப்பக்கம் எழுதியிருக்கணும். நானா ஊர்ல இல்லை, லொறிக்காரன் ஹாரன் அடிச்சுக்கிட்டே நிக்கிறான். கொப்பியைத் திறந்தேன், தேதியைப் போட்டேன், செருப்பைக் கழட்டிட்டு வண்டியில ஏறிட்டேன். பெடல் கல்லு. நூறு எண்ணினேன். இருநூறு எண்ணினேன். மயிரிழை இறங்கலை. டப்பாவுல எண்ணெய் நிறைய இருக்கு, சக்கரத்துல ஈரம் இல்லை. பெடல் போகலையே அண்ணே, நான் எண்ணிப் பார்த்துட்டேனேன்னேன். போச்சு தம்பின்னாரு. இல்லைண்ணேன்னேன். அதோட வாயை மூடியிருக்கலாம். கண்ணு அசந்துட்டீங்களா அண்ணேன்னு வேற கேட்டேன். அவரு தொப்பியைத் தலையில மாட்டிக்கிட்டு லொறிப் பக்கம் நடந்தாரு. நான் இங்கிலீஷ்ல ரெண்டு வரி எழுதிக் கொடுத்தேன். பிரேக்கில் பழுது இல்லை. பெடல் சரியாக இருக்கிறது. கீழ கையெழுத்து.

அந்த ரெண்டு வரியை வச்சு அண்ணனுக்குப் பத்துச்சீட்டு கொடுத்துட்டாங்க. அந்தக் காலத்துத் தோட்டத்துல அது வேலை நீக்கம் மட்டும் இல்லை. புருஷனுக்குப் பத்துச்சீட்டுன்னா கொழுந்து எடுக்கிற பொண்டாட்டிக்கும் சேர்த்துத்தான். இருக்கிற வீட்டையும் காலி பண்ணணும். மாசக் கடைசி வரைக்கும் தவணை. ஒன்பது நாள்தான் இருந்துச்சு.

நானா நாலாம் நாள் ரெண்டு டின் எண்ணெயோட வந்து சேர்ந்தாரு. கையைக் கழுவிட்டு, வழக்கம் போல கொப்பியை எடுத்தாரு. ஒரு பக்கத்துல நின்னுட்டாரு.

"இடப்பக்கம் காலியா ஈக்கிதே. அவன் என்னா சொன்னான்?"

சொன்னேன். பெடல் போச்சுன்னாரு, நான் பார்த்தேன், போகலை, அப்புறம் திரும்பி வந்துச்சுன்னு ஏதோ சொன்னாருன்னேன். எவ்வளவு நேரத்துல திரும்பி வந்துச்சுன்னு கேட்டாரு. கேக்கலை நானான்னேன். வையலை, திட்டலை. கொப்பியை மூடிட்டு, போய்க் கேட்டுட்டு வாங்கன்னாரு. என்னை 'வா போ'ன்னு பேசுற மனுஷன் அன்னைக்கு 'வாங்க'ன்னது செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு.

மத்தியான பஸ்ல வட்டகொடைக்குப் போய், அங்க இருந்து நடந்தேன். டிரைவர் வீட்டு வாசல்ல பாய் சுருட்டிக் கிடந்துச்சு. சட்டி பானையெல்லாம் சாக்குல கட்டியிருந்துச்சு. அண்ணனோட சம்சாரம் பாக்கியம் அக்கா என்னைப் பார்த்ததும் உள்ள போகலை, வான்னும் சொல்லலை.

"ரெண்டு வரி எழுதினீங்களாமே. இருபது வருஷம் இந்த வீட்டுல இருந்தோம்."

அவ்வளவுதான் சொன்னாங்க. எனக்கு எங்க பார்க்கிறதுன்னு தெரியலை. அண்ணன் வெளிய வந்து உட்காரச் சொன்னாரு. நான் நின்னுக்கிட்டே கேட்டேன். அவரு அளந்து அளந்து பதில் சொன்னாரு. துரைசானி கையைத் துணியில கட்டி ரோட்டோரம் உட்கார வச்சாராம். துரை ஆள் கூப்பிடப் பக்கத்து லயத்துக்குப் போன நேரம், மறைவா நின்னு ஒரு பீடி குடிச்சு முடிச்சாராம். அதுக்கப்புறம் மிதிச்சுப் பார்த்தா பெடல் மேல நின்னுச்சாம். சக்கரத்துப் பக்கம் போக ஏலலை, அவ்வளவு அனலாம். எந்த கியர்ல அண்ணே இறங்குனீங்கன்னேன். கீழ் கியர்ல வண்டி ஊளையிட்டா துரைக்கு ஆகாதே தம்பி, இறக்கம் பூரா டாப் கியர்தான், கால் பிரேக் மேலயேதான்னாரு. அது எனக்குத் தெரிஞ்ச விஷயம்தான். பங்களாக் கார் ஓட்டுற முக்காவாசிப் பேரு அப்படித்தான் இறங்குவாங்க. துரைமாருக்குச் சத்தம் ஆகாது.

பெடல் எப்ப இருந்து அப்படின்னு கடைசியாக் கேட்டேன். போன தடவை நீங்க எண்ணெய் மாத்துனதுல இருந்து ஒரு குறையும் இல்லை, அன்னைக்குத்தான் அவ்வளவு நீள இறக்கம் இறங்கினேன்னாரு.

நான் கலந்த ஸ்பிரிட். பிரேக் டிரம் சூடு ஏறி, சக்கரத்துக்குள்ள நின்ன ஸ்பிரிட் கொதிச்சு ஆவியாகியிருக்கு. ஆவியை மிதிச்சா அமுங்கத்தானே செய்யும்? ஒரு பீடி குடிக்கிற நேரத்துல ஆறி, மறுபடி எண்ணெயா நின்னிருக்கு. மறுநாள் நான் வெறுங்காலை வச்சு இருநூறு என்ன, ரெண்டாயிரம் எண்ணியிருந்தாலும் இறங்கியிருக்காது. காலைப் பனிக்குன்னு கலந்தேன், இறக்கத்துச் சூட்டை மறந்துட்டேன். இதை அந்த வாசல்லயே சொல்லியிருக்கணும். வாய் வரலை. நாளைக்குக் கராஜுக்கு வாங்க அண்ணேன்னு மட்டும் சொல்லிட்டு வந்துட்டேன். கோழைத்தனம்தான், வேற என்ன சொல்ல.

நானாகிட்ட மட்டும் எல்லாத்தையும் சொன்னேன். ஏன் கூடாதுன்னு சொல்லாதது என் பிழை, ஏன்னு கேக்காதது உன் பிழை, நாளைக்கு அதே இறக்கத்துல விட்டுப் பார்த்துட்டுத்தான் மத்தப் பேச்சுன்னாரு.

மறுநாள் காலையில, கராஜ்ல நின்ன அதே கார்ல மூணு பேரும் கிளம்பினோம். நசுங்கின மட்கார்டை டயர்ல படாம நிமித்திட்டேன். அண்ணன் ஓட்டினாரு. நான் பக்கத்துல, கை ஹேண்ட் பிரேக் மேல. நானா பின்னால கொப்பியை மடியில வச்சுக்கிட்டு ஏதோ ஓதிக்கிட்டே வந்தாரு. நுவரெலியா வரைக்கும் ஏறி, திரும்பி இறங்கினோம். நிதானமாத்தான், ஆனா டாப் கியர்ல, கால் பிரேக்கை விட்டு எடுக்காம. நானுஓயா தாண்டியாச்சு. ரதல்ல பக்கம் வரும்போது டிரம் வாசனை உள்ள வந்துச்சு. அண்ணன் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காம, போகுது தம்பின்னாரு. பெடல் பலகையில தொட்டுச்சு. அவரு ரெண்டாம் கியருக்குத் தள்ள, நான் ஹேண்ட் பிரேக்கை இழுக்க, வண்டி புல்லுல ஏறி நின்னுச்சு.

போத்தலும் குழாயும் கொண்டு போயிருந்தேன். அண்ணன் மிதிச்சுப் பிடிக்க, பின் சக்கரத்து ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்தேன். சோடாவைத் திறந்த மாதிரி நுரை பொங்கி வந்துச்சு. மூடிட்டேன். அண்ணன் இறங்கி நின்னு ஒரு பீடி பத்த வச்சாரு. பீடி முடிஞ்சதும் ஏறி மிதிச்சாரு. பெடல் மேல நின்னுச்சு.

"நான் ஊத்தினதுதான் அண்ணே. வெளக்கெண்ணெயும் ஸ்பிரிட்டும். தப்பு முழுக்க என்னுது."

அவரு என்னைப் பார்த்தாரு. நாலு அறை விட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலமே நானா கொண்டாந்த டின்னை உடைச்சு, பழசை வடிச்சுப் போத்தல்ல பிடிச்சு வச்சுட்டு, முழுக்க நல்ல எண்ணெய் ஊத்தினேன். மறுநாள் துரையோட ஆபீஸ். நான் மட்டும் போறேன் நானா, உங்க கராஜ் பேரு ஏன் கெடணும்னேன். கராஜ் பேரு நீ எழுதின அன்னைக்கே கெட்டுப் போச்சு, இனி நல்லதாக்குற வழியைப் பாருன்னு கூடவே வந்தாரு. எனக்குப் பயம்னா அப்படி ஒரு பயம். வேலை போகும், வீட்டுல கைப்பிள்ளை. துரை மனசு வச்சா சுத்துவட்டாரத்துல ஒரு தோட்டமும் எங்களுக்கு வேலை தராது.

துரை வெள்ளைக்காரர், தமிழ் பேசுவாரு. நெத்தியில பிளாஸ்டர். நான் புதுசா எழுதின கடுதாசியைக் கொடுத்தேன். வாசிச்சுட்டு, கதை நல்லா இருக்கு, டிரைவரும் நீயும் ஒரே ஊருதானேன்னாரு. நானா, பங்களாவுல இருந்து ஒரு கேத்தல் கொதிக்கிற தண்ணி கிடைக்குமான்னு மட்டும் கேட்டாரு. வந்துச்சு. பேசின்ல ஊத்தி, ரெண்டு சின்னக் கிளாஸை உள்ள நிறுத்தினாரு. ஒண்ணுல டின் எண்ணெய், ஒண்ணுல கார்ல இருந்து வடிச்சது. டின் எண்ணெய் சும்மா நின்னுச்சு. மத்தது சோத்துக்கஞ்சி மாதிரி கொதிக்க ஆரம்பிச்சுச்சு. துரை குனிஞ்சு பார்த்தாரு. விரலை வச்சுப் பார்த்துட்டு உதறினாரு.

அப்ப அவன் தூங்கலையான்னு கேட்டாரு. நான் சொன்னேன்:

"தூங்கியிருந்தா வண்டி இடப்பக்கம் பள்ளத்துல போயிருக்கும் துரை. அவரு ரோட்டைக் குறுக்க வெட்டி வலப்பக்கம் மண்ணுல விட்டிருக்காரு. முழிச்சிருந்ததாலதான் நாம இப்ப பேசிக்கிட்டு இருக்கோம்."

டாப் கியர் விஷயத்தை நானா ரொம்ப மரியாதையா எடுத்துச் சொன்னாரு. துரை பெரிய கிளாக்கரைக் கூப்பிட்டு, பத்துச்சீட்டைக் கிழிக்கச் சொன்னாரு. எங்களைப் பார்த்து, இனிமே என் வண்டி உங்க கராஜுக்கு வராதுன்னாரு. நியாயந்தான். வெளிய வந்ததும், பாக்கியம் அக்கா சாக்கை அவிழ்ப்பாங்கன்னு நினைச்சேன். அழுகை வந்துச்சு, அழுதேன். நானா வேற பக்கம் பார்த்துக்கிட்டாரு.

கராஜுக்கு வந்ததும், கொப்பியில வலப்பக்கம் நடந்ததைப் பூரா எழுதினேன், நான் கலந்ததையும் சேர்த்து. இடப்பக்கம் எழுதப் போனப்போ நானா கையைப் பிடிச்சுட்டாரு. அது அவன் பக்கம், அவன் வந்து சொல்லட்டும்னாரு. அந்த இடம் காலியாவே கிடந்துச்சு. மேல எத்தனையோ வண்டி வந்துச்சு, எத்தனையோ பக்கம் நிறைஞ்சுச்சு. பழைய பக்கத்தைப் புரட்டாம இருக்கப் பார்த்தாலும் கை அங்கதான் போகும்.

ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் அதே கார் வாசல்ல வந்து நின்னுச்சு. துரைக்கு வேற கராஜ் ஒத்து வரலையோ, கோவம் ஆறிடுச்சோ, தெரியலை. வேலாயுதம் அண்ணன் இறங்கினாரு. ரெண்டாம் கியர்லதான் இப்ப இறங்குறேன், ஊளையிட்டா துரை ஒண்ணும் சொல்றதில்லைன்னு நானாகிட்ட மட்டும் சொன்னாரு. நானா கொப்பியைப் பின்னால புரட்டி, அந்தப் பக்கத்தை எடுத்து என் முன்னால வச்சுட்டு உள்ள போயிட்டாரு.

சொல்லுங்க அண்ணேன்னேன். அவரு காலி இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாரு. அப்புறம் சொன்னாரு. அதே வார்த்தை, அதே வரிசை. கடைசி வளைவுக்கு முன்னால பெடல் பலகை வரைக்கும் போச்சு. குத்திக் குத்தி மிதிச்சேன், வரலை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், பத்தலை. மண்ணுல விட்டேன். அப்புறம் வந்து மிதிச்சுப் பார்த்தா திரும்பி வந்திருக்கு. ஒரு எழுத்து மாத்தாம எழுதினேன். திருப்பி வாசிச்சுக் காட்டினேன். இதுதானே அண்ணே சொன்னீங்கன்னு கேட்டேன்.

தலையாட்டலை. பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, விரலை வச்சு வரி வரியா அவரே வாசிச்சாரு. முடிச்சுட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாரு.

"இன்னும் ஒரு வரி இருக்கு தம்பி. இதை நான் அன்னைக்கே சொன்னேன்னு எழுதுங்க."

எழுதினேன்.